நாய்க்குத் தெரிஞ்ச பாஷை

ஆடி வெள்ளி. எங்க தெருவுக்குக் குழாத் தண்ணி வந்த வருசம். எனக்கு எழுத வராது. நான் பேசுறேன், போன் எழுதிக்குது.

அரியலூர் ஸ்டேஷன்ல யாரோ விட்டுட்டுப் போன ஸ்பேனியல் நாய், வேற வூடு கிடைக்கற வரைக்கும் எங்கிட்ட இருக்கு. இன்னைக்குப் பெரம்பலூர் டீச்சரம்மா அதைப் பாக்க வந்தாங்க. "வா, உக்காரு"ன்னு கெஞ்சுனாங்க. அது சுவத்தையே பாத்துச்சு.

"இவ்வளவு பெரிய காதை வச்சிக்கிட்டு, செவிடாங்க தாத்தா?"

"தட்டு சத்தம் கேட்டா பறந்து வரும்மா."

"எங்க வூடு மெயின் ரோட்டுல. கூப்புட்டா திரும்பணும். ஞாயித்துக்கிழமை வரேன், அப்பவும் கேக்கலன்னா வேணாங்க."

அவங்க போனப்புறம், குவாரியில என்கூட கல்லுடைச்ச ஏழு தெலுங்குக்காரங்க நெனப்புல சும்மா "கூர்ச்சோ"ன்னேன். பொத்துன்னு உக்காந்துடுச்சு! எந்த ஊர்ல வளந்துச்சோ, எந்த ரயில்ல வந்துச்சோ?

அந்தத் தெலுங்குக்காரங்க பேசுனது ஒண்ணும் மறக்கல. ஆனா மிச்சமெல்லாம் திட்டுற வார்த்தை. டீச்சரம்மாகிட்ட எப்படிச் சொல்றது? ஓடுற நாயைத் திருப்பிக் கூப்புட என்ன சொல்லணும்? காலையில பஸ் ஏறிப் போய்க் கேக்கணும். அந்த ஏழு பேருல இன்னும் உசுரோட இருக்கறது ஒருத்தர்தான், விக்கிரமங்கலத்து லச்சுமக்கா.