சுண்ணாம்புக் குறி விழாத வாசல்

மாசி, திங்கள்

பனி விடவில்லை. தெருவில் நீட்டிக் கட்டிய பாவு நூல் இன்னும் ஈரம். நகரிக் கடைத்தெருவில் திருத்தணி ஆந்திராவுக்கா மெட்ராஸுக்கா என்றே பேச்சு. யாருக்குப் போனாலும் நூல் விலை குறையாது.

திருப்பதியிலிருந்து ஒரு டாக்டரம்மா. வாய்ப்புற்று எத்தனை பேருக்கு என்று பார்க்கிறாராம். தெருமுனையிலிருந்து எண்ணி, ஐந்து வாசலுக்கு ஒரு வாசலில் சுண்ணாம்புக் குறி. என் வாசலில் விழுந்தது. நடுச்சுவருக்கு அந்தப் பக்கம் விழவில்லை.

அந்தப் பக்கம் என் நாத்தனார் முனியம்மா. முழுப் பேர் இன்று மட்டும், இனி மு. என் மகள் கல்யாணப் பந்தியில், சம்பந்தியம்மாள் காதில் விழ, "இன்னா அண்ணி, காரமே காணோம். பத்தியக் கொழம்பா?" என்றவள். அந்த வருஷமே சுவர். பேச்சும் அன்றோடு சரி.

செவ்வாய்

மிளகாய் இடித்தேன். கை எரிச்சல்.

டாக்டரம்மா தண்ணீர் கேட்டு வந்தார். கேட்டேன்: "எதுக்கும்மா தெருத் தெருவா சுத்தறே? சீக்காளிங்கதான் ஆஸ்பத்திரிக்கு வராங்களே."

"வராதவங்க எத்தினி பேருன்னு அங்க உக்காந்தா தெரியுமா, அவ்வா?"

இதே நினைப்பு நாள் முழுக்க. வராதவள் ஒருத்தி சுவருக்கு அந்தப் பக்கம். புகையிலையை எப்போதும் வலக் கன்னத்தில் அடக்குகிறவள், தீபாவளியிலிருந்து இடக் கன்னத்தில். கூழையும் ஆறவைத்தே குடிக்கிறாள். நான் கவனிக்கவில்லை. கண்ணில் பட்டது.

டாக்டரம்மாவிடம் சொன்னேன். போய்க் கூப்பிட்டார். மு. குரல் இங்கே கேட்டது: "குறி போடாத ஊடு. எனக்கு இன்னாத்துக்குத் தர்மம்?" கதவு சாத்தல்.

புதன்

டாக்டரம்மாவிடம் கேட்டேன், ஒரு குடும்பம் என்று எதை எழுதுவீர்கள் என்று. வாசலா, சுவரா?

"ஒரே அடுப்புல சாப்பிடறவங்க. நாளைக்குக் காலையில கேப்பேன், ராத்திரி இங்க யார் யார் சாப்பிட்டாங்கன்னு. அவங்க எல்லார் வாயும் பாப்பேன்."

சாயங்காலம் முருங்கைக்காய், பருப்பு. மிளகாய் கிள்ளவில்லை. அந்தப் பக்கம் போனேன்.

"கொழம்பு வெச்சிக்கீறேன். வா."

"எதுக்கு?"

"துன்றதுக்கு."

தன் தட்டையே எடுத்துக்கொண்டு வந்தாள். முதல் கவளத்துக்குக் கண்ணை இறுக்கிக்கொண்டாள், எரியும் என்று. எரியவில்லை. மறுபடி வாங்கிக்கொண்டாள்.

"காரம் போடல போலக்கீது."

"போடல."

தட்டைக் கழுவி எடுத்துக்கொண்டு போனாள். அவளும் பந்தியை மறக்கவில்லை.

வியாழன்

டாக்டரம்மா இரண்டு கதவையும் மாறி மாறிப் பார்த்தார். "நெஜமா இங்கதான் சாப்பிட்டாங்களா?"

"துன்னா. காரம் இல்லன்னு கொறையும் சொன்னா."

எழுதிக்கொண்டு மு.வைக் கூப்பிட்டார். "நோரு தெரவண்டி, அவ்வா." மு.வுக்குச் சாக்கு ஏதும் மிச்சமில்லை. வாயைத் திறந்தாள். டார்ச் வலக் கன்னத்திலேயே நின்றது.

"சின்னதாதான் இருக்கு. இப்பவே போனா வைத்தியம் பண்ணலாம். மெட்ராஸ் போகணும்."

"நாமதான் இப்ப ஆந்திராவாச்சே. அங்க சேத்துக்குவாங்களா?" இது நான்.

டாக்டரம்மா மறுபடி பேனாவை எடுத்தார். "கடுதாசி தரேன். நீங்க கேட்டதையும் எழுதிக்கறேன். மேல இருக்கறவங்க பதில் சொல்லணும்."

பதில் வருவதற்குள் ரயிலேற வேண்டும்.

வெள்ளி

வெயில். பாவு காய்ந்தது. மருமகள் தறிக்கு ஏற்றிக்கொள்வாள்.

மு. வந்து வாசலில் நின்றாள். குறி பாதி அழிந்திருந்தது. "தனியா போவ மாட்டேன், அண்ணி."

பந்திப் பேச்சுக்கு ஒரு வார்த்தை சொல்வாள் என்று பார்த்தேன். சொல்லவில்லை. நான் விட்டதாகவும் இல்லை.

நாளைக் காலை ரயிலுக்கு: செம்பு, போர்வை, கடுதாசி, தயிர்சோறு இரண்டு பேருக்கு. ஊறுகாய் வேண்டாம், எனக்கும்தான்.

முனியம்மாவின் புகையிலைப் பை என் இடுப்பில். இரண்டு தரம் கேட்டுவிட்டாள். தரவில்லை.