வீட்டோடு கேனரி

டிசம்பர் 8, 2024

காலையில் கடைத்தெருவில் கொடுவா மீன் வாங்கி வந்தேன். செதிலைத் தேய்த்துக்கொண்டே என் மனைவி ஹபீபுன்னிசா சொன்னாள்: "ஏங்க, மாடி ரூமுக்கு பெயிண்ட் அடிக்கணும். அந்தக் குருவிங்களை யாருக்காவது குடுத்துடுங்க."

பிப்ரவரி பதினாறில் மகள் ஹுமைராவுக்கு நிக்காஹ். கிழக்கு வெயில் விழும் மாடி அறை மணமக்களுக்காம். அங்கேதான் என் கேனரிகள் இருக்கின்றன. ஆண் ஒரு கூண்டில், பெண் ஒரு கூண்டில். சவூதியில், தம்மாமில் இருபத்தேழு வருடம், ஓர் அறையில் ஆறு பேராகப் படுத்து எழுந்து ஊர் திரும்பியவனுக்கு, இந்த வீட்டில் சொந்தம் என்று இருப்பது அவை இரண்டும்தான்.

அதிராம்பட்டினத்தில் வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளை ஒரு பெட்டியோடு வந்து சேர வேண்டியவன். நானும் 1991-இல் அப்படி வந்தவன்தான்.

குஞ்சு பொரிக்கப் போகிறது என்றேன். சிரித்தாள். "ஆறு மாசமா இதத்தான் சொல்றீங்க. சரி, கல்யாணத்துக்குள்ள ஒரு குஞ்சாவது பொரிச்சா மாடி உங்களுக்கு. கீழ எங்க ரூமைப் பிள்ளைகளுக்குக் குடுத்துடுறேன். இல்லன்னா குருவி வெளிய."

எங்க ரூம். எங்க வீடு. எங்க கிணறு. 'நம்ம' என்று தமிழில் ஒரு சொல் இருக்கிறது. முப்பத்து மூன்று வருடத்தில் என்னிடம் பேசும்போது அது அவள் வாயில் வந்ததில்லை.

டிசம்பர் 20

குருவி விற்ற தஞ்சாவூர் பக்கிரிக்குப் போன் போட்டேன். "பாய், பொண்ணு இருக்கிற கூண்டுலதான் ஆணைக் கொண்டுபோய் விடணும். மாத்தி விட்டுடாதீங்க, கொத்திப்புடும்" என்றார்.

எங்கள் ஊர் வழக்கத்தைக் கேனரிக்கு யார் சொல்லிக்கொடுத்தது? இந்த அறையிலாவது ஒரு பெண் ஆண் வீட்டுக்கு வாழ வரட்டுமே. பெண்ணை எடுத்து ஆண் கூண்டில் விட்டேன். மனசுக்குள் பெரிய சீர்திருத்தக்காரன் மாதிரி இருந்தது.

டிசம்பர் 21

கொத்திவிட்டான். பெண்ணுக்கு உச்சந்தலை வழுக்கை. என்னுடையதைப் போலவே.

டிசம்பர் 22

பிரித்து வைத்தாயிற்று. முடி முளைக்கிற வரைக்கும் சேர்க்கக் கூடாதாம், பக்கிரி திட்டினார். வீம்புக்கு இரண்டு வாரம் போச்சு. முட்டை, அடை, பொரிப்பு என்று விரல் விட்டு நாள் எண்ணிப் பார்த்தால் கல்யாணப் பந்தலில் போய் இடிக்கிறது. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தேனே.

ஜனவரி 3, 2025

ஜும்ஆ தொழுகை முடிந்து வந்து பார்க்கிறேன், ஆண் பெண்ணின் கூண்டில் உட்கார்ந்திருக்கிறான்.

"நான்தான் விட்டேன்" என்றாள் ஹபீபு. "பாவம், ஒண்டியா இருந்துச்சு."

கம்பின் கடைசியில் ஒடுங்கிக் கிடந்தான். தீனிக் கிண்ணம் எங்கே என்று தெரியவில்லை, கேட்கவும் வெட்கம். நான் இந்த வீட்டுக்கு வந்த புதிதில் குளியலறை விளக்குக்கு சுவிட்ச் எங்கே என்று கேட்க வெட்கப்பட்டு, நாலு நாள் இருட்டில் பல் விளக்கினேன். அஞ்சாம் நாள் தெரிந்தது, சுவிட்ச் வெளியே இருக்கிறது.

சாயங்காலம் பெண் குருவிக்குத் தீனி ஊட்டிவிட்டான். பிழைத்துக்கொள்வான்.

ஜனவரி 14

தேங்காய் நாரைப் பிய்த்துப் பிய்த்து அவள் கூடு கட்டுகிறாள். அவன் தொண்டை புடைக்கப் பாடுகிறான். ஒரு நார் எடுத்துக் கொடுத்ததாகத் தெரியவில்லை.

"வேலைக்கு ஒரு ஆளு, பாட்டுக்கு ஒரு ஆளு" என்று சொல்லிவிட்டுப் போனாள் ஹபீபு. என்னைத்தான் சொன்னாளோ? நான் பாடுவதில்லையே.

ஜனவரி 24

முதல் முட்டை. அல்ஹம்துலில்லாஹ்.

அதை எடுத்துவிட்டுப் பொய்முட்டை வைக்க வேண்டும், நாலு சேர்ந்ததும் திருப்பி வைக்க வேண்டும் என்பது பக்கிரி சொன்ன பாடம். இல்லாவிட்டால் மூத்த குஞ்சு கடைசிக் குஞ்சை மிதித்துவிடுமாம். பொய்முட்டைக்கு எங்கே போக? சமையற்கட்டிலிருந்து வெள்ளை மொச்சை. நிஜ முட்டை ஹபீபுவின் கம்மல் டப்பாவில், பஞ்சின் மேல்.

ஜனவரி 27

நாலு முட்டையையும் திருப்பி வைத்தேன்; பதினாலு நாளில் பொரிக்கும், அதாவது பிப்ரவரி பத்து. கம்மல் டப்பாவைக் காணோம் என்று வீடு இரண்டுபடுகிறது.

எடுத்த மொச்சையை எங்கே வைத்தேன் என்று நினைவில்லை. மதியக் குழம்பில் மொச்சை இருந்தது.

பிப்ரவரி 3

பெயிண்டர் பஞ்சநதம் டப்பாவோடு மாடிப்படி ஏறினார். அந்த வாடை பட்டால் குருவி செத்துவிடும். நான் ஓடி வருவதற்குள் ஹபீபு படியில் நின்று மறித்துவிட்டாள். "பத்தாம் தேதி வரைக்கும் மாடிக்கு வராதீங்க. வார்த்தை குடுத்திருக்கேன்."

பஞ்சநதம் என்னைப் பார்த்தார். எனக்கே புதிதாக இருந்தது.

பிப்ரவரி 10

மூன்று குஞ்சு! ஒன்று கூமுட்டை. கண் திறக்காத, மயிர் முளைக்காத மூன்று வாய்கள்.

ஹபீபுவைக் கையைப் பிடித்து இழுத்து வந்து காட்டினேன். பார்த்தாள். கீழே இறங்கிப் போய்த் தன் அலமாரித் துணிகளை எடுத்து அடுக்க ஆரம்பித்தாள். நான் டீக்கடைக்குப் போய் நாலு பேரிடம் சொல்லிவிட்டு வந்தேன். ஜெயித்தவன் வேறென்ன செய்வான்.

பிப்ரவரி 16

நிக்காஹ் நல்லபடியாக முடிந்தது. எண்ணூறு பேருக்குச் சாப்பாடு. நின்று நின்று கால் கடுத்துவிட்டது.

பிப்ரவரி 17

புது மாப்பிள்ளை ஃபஹத் குளியலறை வாசலில் நின்று சுவரைத் தடவிக்கொண்டிருந்தார். அவர் கேட்காமலே சுவிட்சைக் காட்டினேன்.

பிப்ரவரி 21

வழக்கப்படி வீடு ஹுமைரா பேருக்கு எழுதியாயிற்று. சாவிக்கொத்தும் அவள் இடுப்புக்குப் போய்விட்டது. நான் மாடியில் பாய் விரித்திருக்கிறேன். கல்யாணத்துக்கு வந்த சனம் இன்னும் இருக்கிறது என்று ஹபீபு கூடத்தில் படுக்கிறாள்.

இன்று ஒரு துண்டு எடுக்கத் தன்னுடைய பழைய அறைக்குப் போனவள், வாசலில் நின்று கதவைத் தட்டினாள். அவள் பிறந்த அறை அது. உள்ளேயிருந்து ஹுமைரா, "இந்தா வர்றேம்மா, எங்க ரூம் ஒரே குப்பையா கிடக்கு" என்றாள்.

எங்க ரூம். எத்தனையோ வருடமாக இந்தச் சொல்லை யாராவது ஹபீபுவுக்கே திருப்பிச் சொல்ல வேண்டும் என்று ஆசைப்பட்டவன் நான். சொன்னபோது, என் தோள் துண்டை எடுத்து அவளிடம் நீட்டினேன்.

மார்ச் 1

உறவுக்காரர்கள் கிளம்பிவிட்டார்கள். நாளை முதல் நோன்பு. குஞ்சுகள் கூட்டைவிட்டு இறங்கிக் கம்பில் தள்ளாடுகின்றன.

ஹபீபு இரண்டு தம்ளரில் டீயோடு மாடிக்கு வந்து நிலைப்படியிலேயே நின்றாள்.

"உள்ள வரலாமாங்க?"

"இதென்ன கேள்வி?"

"இல்ல... உங்க ரூமு."

இருந்த ஒரே நாற்காலியைக் கொடுத்துவிட்டு நான் நின்றேன். கம்மல் டப்பா ஜன்னலில் இருந்தது. எடுத்துத் திறந்து, உள்ளே பஞ்சைப் பார்த்து, மூடி அங்கேயே வைத்தாள். ஒரு குஞ்சு கம்பு தவறி விழுந்து, எழுந்து, மறுபடி ஏறியது. டீ ஆறிவிட்டது.

பிறகு சொன்னாள்: "நம்ம ரூமுக்கு இன்னொரு நாற்காலி வேணுங்க."

அஸர் தொழுகைக்குப் போகும்போதே வாங்கி, பள்ளிவாசலில் செருப்புப் பக்கத்தில் வைத்துவிட்டுத் தொழுது, தோளில் தூக்கி வந்துவிட்டேன். அவள் மனசு மாறுவதற்குள்.