பதினான்காம் நிபந்தனை

என் கோபக்காரிக்கு,

ஆஸ்பத்திரியில் நீ முகத்தைத் திருப்பிக்கொண்டாய், அதனால் எழுதுகிறேன். என்னிடம் பெயின்ட் வேலைக்கு வந்த உன் தம்பி சாரத்திலிருந்து விழுந்து இடுப்பெலும்பு முறிந்து கிடக்கிறான். கட்டடக் கம்பெனி மேனேஜரோ ஒப்பந்தத்தை மூஞ்சியில் எறியாத குறையாக நீட்டுகிறான்.

"பதினாலாவது நிபந்தனையப் படிங்க. விபத்து நடந்தா பெயின்ட் கான்ட்ராக்டர்தான் பொறுப்பு. கையெழுத்துப் போட்டது நீங்கதானே?"

இற்றுப்போன கயிற்றில் சாரம் கட்டியது அவன் ஆட்கள். பொறுப்பு மட்டும் எனக்காம்! என்ன நெஞ்சழுத்தம் பார்!

நேரே வக்கீலம்மாவிடம் போனேன். "சாரம் உறுதியா இருக்கணும்னு சட்டமே சொல்லுது. அந்தப் பொறுப்பைக் காகிதத்துல எழுதிக் கழட்டிவிட முடியாது. அது செல்லாதுங்க," என்றார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "அடுத்தவன் உயிரை எழுதி வாங்குறானே, அவனெல்லாம் மனுஷனா?" என்று மேசையைத் தட்டிக் கத்தினேன்.

அவர் கேட்டார்: "உங்க ஆளுங்ககிட்ட நீங்க என்ன எழுதி வாங்கியிருக்கீங்க?"

பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். கம்பெனி ஒப்பந்தத்தைப் பார்த்து அப்படியே எழுதியது. பெயர்களை மட்டும் மாற்றியிருந்தேன். பதினான்காம் நிபந்தனைக்குக் கீழே உன் தம்பியின் கையெழுத்து. "மாமா சொன்னா சரிதான்" என்று படிக்காமலே போட்டது.

அதை இத்துடன் வைத்திருக்கிறேன். கிழித்துவிடாதே. கம்பெனி மேல் வழக்குப் போடும்போது என் பெயரையும் சேர்த்துக்கொள்.

இப்படிக்கு,
வார்டுக்கு வெளியே பெஞ்சில் இருப்பவன்