நைனாவுக்குக் கட்டிய ஏணை

அன்புள்ள பாவாவுக்கு,

நேற்று உங்கள் சின்ன மகள் ஒரு புதுத் தார்ப்பாயைக் கொண்டுவந்து என் வீட்டுக் கூடத்தில் விரித்தாள். விரித்ததும் கிளம்பியது பாருங்கள் ஒரு வாசனை, தாரும் மெழுகும் எண்ணெயும் கலந்து! நாற்காலியில் உட்கார்ந்தபடியே நான் திருத்தணி மலையடிவாரத்துக்குப் போய்விட்டேன். பஸ்கூட ஏறவில்லை.

பள்ளிக்கூடத்துப் பெண்களைக் கூட்டிக்கொண்டு நகரி மலைப் பக்கம் கூடாரம் போட்டு இரண்டு நாள் தங்கப் போகிறாளாம். தரையில் தேள் இருக்குமென்று மரத்தில் தொங்கவிடும் படுக்கை தேடுகிறாள். கயிற்று வலை ஒன்று, கான்வாஸ் ஒன்று, பருத்தித் துணி ஒன்று, மூன்றையும் என் முன்னால் போட்டு, "எது மாமா நல்லது? அப்பாவுக்கு அப்புறம் உனக்குத்தான் தெரியும்னு அம்மா சொல்றாங்க" என்றாள். உங்களுக்கு அப்புறமாம்! என் கூடப் பிறந்த அக்கா பேசுகிற பேச்சா இது? உங்களுக்கு முன்னாலேயே எனக்குத் தெரியும் என்று அல்லவா நான் ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறேன்.

வலை முதுகில் கோலம் போடும், கான்வாஸை எடு என்றேன். படுக்கையைவிட மேலே கட்டும் கூரைதான் முக்கியம், காற்று வரும் பக்கம் தாழ்த்திக் கட்டு என்றேன். கயிற்றில், கூரைக்குள் வந்த இடத்தில், ஒரு கந்தல் துணியை முடிந்து தொங்கவிடு என்றேன்.

"கந்தல் எதுக்கு மாமா?"

"மழைத் தண்ணி மரத்துலேர்ந்து கயித்தப் பிடிச்சிகினு படுக்கைக்கு வரும்மா. கந்தல் இருந்தா அங்கியே சொட்டிப்பூடும்."

"யார் கண்டுபிடிச்சது இது?"

வாயைத் திறந்தேன். 'நான்தான்' என்று வந்திருக்க வேண்டும். எத்தனையோ விஷயத்துக்கு வந்திருக்கிறது. இதற்கு மட்டும் வரவில்லை. அவள் போனபிறகு காகிதத்தை எடுத்துவிட்டேன். எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். எனக்கு ஐந்தாம் வகுப்புக்கு மேல் சொல்லித்தர எங்கள் வாத்தியாரிடம் சரக்கு இல்லை.

யுத்தம் முடிந்து நீங்கள் அம்மையார்குப்பத்துக்குத் திரும்பி வந்த காலம் அது. அஸ்ஸாம் காட்டில் பட்டாளத்துக்குச் சாலை போட்டீர்கள். தரையில் படுத்தால் அட்டை ஏறும் என்று அங்கே மரத்துக்கு மரம் படுக்கை கட்டித் தூங்கினீர்கள். நான் சொல்லும்போது அட்டையைப் புலி என்று மாற்றிவிடுவேன். அட்டை என்றால் யார் உட்கார்ந்து கேட்கிறார்கள்?

எங்கள் அப்பா நைனாவுக்கு நீங்கள் சொந்தத் தங்கை மகன். முறைப்படி அக்கா உங்களுக்குத்தான். ஆனால் நீங்கள் இல்லாத நாளில் உங்கள் வீட்டு மண்சுவர் இரண்டு மழையில் கரைந்து போயிருந்தது. திரும்பி வந்தும் சுவரை எழுப்பாமல், இரண்டு வேப்பமரத்துக்கு நடுவே பட்டாளத்துப் படுக்கையைக் கட்டிக்கொண்டு காலாட்டிக்கொண்டிருந்தீர்கள். தறியில் உட்கார்ந்தபடியே நைனா அதைப் பார்ப்பார்.

"வவ்வாலுக்கெல்லாம் பொண்ணு குடுக்க முடியாது."

அக்கா அந்தப் பக்கம் நூல் சுற்றிக்கொண்டிருப்பாள். ராட்டினம் ஒரு சுற்று நின்று மறுபடி ஓடும். எனக்குத் தாங்கவில்லை.

"நைனா, பாவா ரெண்டு மரத்துக்கு நடுவுல ஒரு வீட்டையே தொங்க வுடுவாரு. மழை கொட்டினாலும் ஒரு சொட்டு உள்ள வராது. வெள்ளைக்கார கர்னலே இவர் கட்டினாத்தான் தூங்குவானாம்!"

கர்னலை நான் அந்த நிமிஷம்தான் பிறப்பித்தேன். நைனா தறியை நிறுத்தினார்.

"ஆங்? ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி போறோம் இல்ல. சத்திரத்துல எடம் கெடைக்காது. அங்க கட்டட்டும். எறங்கி வந்து நான் படுக்கறேன். முதுவு நனையாம இருந்தா பொண்ணு பேச்சு பேசலாம். நனைஞ்சுதுன்னா இந்த ஜென்மத்துல அந்தப் பேச்சு கெடையாது."

நான் பெருமையோடு ஓடிவந்து உங்களிடம் சொன்னேன். நீங்கள் ஏனோ சந்தோஷப்படவில்லை. "மச்சான், என் கல்யாணத்த ஆடி மழையில கொண்டு போய் கட்டிட்டியே" என்றீர்கள்.

அன்றைக்கு உங்கள் முற்றத்தில் நாம் நடத்திய ஆலோசனை! சட்டசபை தோற்றது. நைனாவுக்கு எதைக் கட்டுவது? உங்கள் பட்டாளத்துப் படுக்கைதான் உறுதி என்றீர்கள். முடியாது என்றேன். காவடி விரதத்தில் இருக்கிற மனிதர், எவன் எவனோ படுத்த துணியில் முதுகு வைப்பாரா? வைக்கோல் வண்டி வலையைப் பார்த்தோம். அதில் பத்து நிமிஷம் படுத்துப் பார்த்தேன், ஒரு வாரம் என் கன்னத்தில் கட்டம் கட்டமாக இருந்தது. கடைசியில் நான்தான் சொன்னேன், நைனா கையால் நெய்த துணியிலேயே கட்டுவோம், மனிதர் குளிர்ந்து போவார் என்று.

நீங்கள் யோசித்தீர்கள். "நல்ல யோசனதான். ஆனா தறியிலேர்ந்து எறக்கின துணி, கஞ்சி ஏறியிருக்கும். நல்லா அலசி, காய வெச்சு கொண்டா. மறந்துடாத."

மறக்கவில்லை பாவா. நெசவுக்காரன் வீட்டில் பிறந்தவன் அதை எப்படிச் செய்வான்? புதுத் துணியில் படுகிற முதல் தண்ணீர், அதை வாங்குகிறவன் வீட்டுத் தண்ணீராகத்தான் இருக்க வேண்டும். நாங்கள் நனைத்தால் அது பழந்துணி. அலசினால் அந்த மொடமொடப்பும் பளபளப்பும் போய்விடும், நைனா முகம் சுருங்கும். அப்படியே மடித்து எடுத்துக்கொண்டு, "அலசியாச்சு, மூணு தண்ணி" என்று உங்களிடம் சொன்னேன்.

கிருத்திகையன்று திருத்தணியில் லட்சம் பேர் இருந்திருப்பார்கள். மற்றவர்கள் ஐம்பதாயிரம் என்பார்கள், அவர்கள் மலையின் பின்பக்கம் எண்ணவில்லை. மலையடிவாரத்துப் புளியந்தோப்பில் ஏழடி இடைவெளியில் மரம் பார்த்து, விடியும் முன்பே, இருட்டில், என் பேச்சை நம்பி இரண்டு ஏணை கட்டிவிட்டீர்கள், ஒன்று நைனாவுக்கு, ஒன்று உங்களுக்கு. நம் பக்கத்தில் குழந்தைக்குக் கட்டினால்தான் அது ஏணை. பெரிய ஆளுக்குக் கட்டியதைப் பார்க்கக் கூட்டமே கூடிவிட்டது. மேலே தார்ப்பாய், நாலு மூலைக்கும் முளை, கயிற்றில் உங்கள் பழைய லுங்கியைக் கிழித்து முடிந்த கந்தல்.

நைனா பூக்காவடியோடு ஏறினார், பின்னாலேயே நாம் எல்லாரும். முந்நூற்று அறுபத்தைந்து படியையும் நான் ஒரே மூச்சில் ஏறினேன். நடுவில் நாலு இடத்தில் உட்கார்ந்தது நைனாவுக்காக. எல்லாருக்கும் முன்னால் இறங்கி வந்தவனும் நான்தான். வந்து பார்த்தால், நம் ஊர்க்காரர்கள் ஏணையைச் சுற்றி நிற்கிறார்கள். புதுத் துணி பட்டுப்போல் மின்னுகிறது, பக்கத்தில் கந்தல் தொங்குகிறது. "இன்னாடா, வண்ணாந்துறையா?" என்று ஒருத்தன் கேட்டுவிட்டான். எனக்கு மானம் போயிற்று. நைனா ஏணையில் இருந்த இரண்டு கந்தலையும் அவிழ்த்து இடுப்பில் செருகிக்கொண்டேன். உங்களுடையதை விட்டுவிட்டேன். அதில் என் மானம் இல்லையே.

மத்தியானம் நைனா வந்தார். "இதுல படுக்க நான் இன்னா பச்சக் கொழந்தையா?" என்று கேட்டுக்கொண்டே படுத்தார். படுத்ததும் முகம் மாறியது. துணியைத் தடவிப் பார்த்தார், தன் நெசவு என்று தெரிந்துகொண்டார், சிரித்தேவிட்டார். அக்கா மோர் கொண்டுவந்து கொடுத்தாள். கொடுக்கும்போது உங்களைப் பார்த்தாள். உலகத்தில் எல்லாம் சரியாக நடந்துகொண்டிருந்தது.

அப்புறம் மழை. அப்படி ஒரு மழையை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் சொன்னதில்லை. மலை மறைந்தது. கூரை அசையவில்லை பாவா, மேலிருந்து ஒரு சொட்டு இல்லை. நைனா கண்ணை மூடியபடி, "பரவால்லடா" என்றார். நான் அக்காவைப் பார்த்துப் புருவத்தை ஏற்றினேன்.

தண்ணீர் கயிற்றோடு வந்தது. சத்தமே இல்லாமல் வந்து முடிச்சில் இறங்கியது. கஞ்சி ஊறியது. ஊறிய கஞ்சி எண்ணெய் மாதிரி வழவழவென்று ஆகி, முடிச்சு விரல் விரலாக நழுவியது. நைனா மெதுவாகக் கீழே வந்தார். அவருக்கே தெரியவில்லை. கண்ணைத் திறந்து, "டேய், மரம் வளருதாடா?" என்று கேட்டார். அடுத்த நிமிஷம் சேற்றில் உட்கார்ந்திருந்தார், முதுகெல்லாம் கஞ்சி. மழைக்கு ஒதுங்கிய ஆடு ஒன்று வந்து அவர் தோளை நக்கியது.

அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நைனா எழுந்து நின்றதும் சிரிப்பு நின்றுபோயிற்று.

"ரெண்டு மரத்துக்கு நடுவுல என்னையே நிறுத்தத் தெரில. எம்பொண்ண எங்க நிறுத்துவான்? வண்டியக் கட்டு. பேச்சு முடிஞ்சுது."

நீங்கள் கயிற்றைப் பார்த்தீர்கள், கந்தல் இருந்த இடத்தை. ஈரத் துணியை விரலால் தேய்த்துப் பார்த்தீர்கள். என்னைப் பார்த்தீர்கள். அந்த ஒரு பார்வையிலேயே உங்களுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. பர்மாவுக்கு நடக்கிற தூரத்தில் நாலு வருஷம் நினைத்துக்கொண்டிருந்த பெண். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். "என் தப்புதான் மாமா" என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்து முளையைப் பிடுங்கப் போனீர்கள். அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டு நனையாத கோரைப்பாயைச் சுருட்டினாள், அவிழ்த்தாள், மறுபடி சுருட்டினாள்.

என்னிடம் பொய்க்குப் பஞ்சமா? காற்று அவிழ்த்தது, குரங்கு அவிழ்த்தது, திருத்தணிக் குரங்கு என்றால் யார் நம்பமாட்டார்கள்? குரங்கு நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் நீங்கள் குனிந்த தலை நிமிரவில்லை.

இடுப்பிலிருந்து கந்தலை எடுத்து நைனா முன்னால் நீட்டினேன். "நான்தான் அவுத்தேன் நைனா. துணிய அலசச் சொன்னாரு, அலசல. அலசிட்டேன்னு பொய் சொன்னேன். கர்னலும் பொய். இவர் மேல ஒண்ணும் இல்ல."

நைனா ஈரத் தலைப்பாகையை அவிழ்த்து என் முகத்தில் அடித்தார். அது தலைப்பாகை அல்ல, பாறாங்கல். அடித்துவிட்டு உங்கள் ஏணைக்குப் போனார். அதன் கயிற்றில் கந்தல் வழியே தண்ணீர் தனியாகச் சொட்டிக்கொண்டிருந்தது. உள்ளே கையை விட்டுப் பார்த்தார். காய்ந்திருந்தது.

"மாமா, அது பட்டாளத்து..."

"காவடி எறக்கியாச்சு. இனிமே இன்னா?" என்று ஏறிப் படுத்தார். மழை விடும்வரை குறட்டை. நாம் மூன்று பேரும் தார்ப்பாய் ஓரத்தில் நனைந்துகொண்டு, அந்தக் குறட்டையைத் தேவகானமாகக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

எழுந்தவர் உங்களைப் பார்க்காமல் கயிற்றைப் பார்த்துக் கேட்டார். "அந்தக் கந்தல கூரைக்கு உள்ளார கட்டணுமா, வெளியவா?"

"உள்ளார மாமா. ஒரு சாண் உள்ள."

"ஆங். செவுத்த எப்ப எழுப்பப் போற? ஆவணியில முகூர்த்தம் பாக்கணும், வவ்வாலாட்டம் தொங்கிகினே தாலி கட்டுவியா?"

அக்கா அந்தப் பாயைக் கீழே போட்டாள்.

திரும்பும் வழியில் வண்டிக்குப் பின்னால் நாம் இருவரும் நடந்தோம். நீங்கள் என் தோளில் கையைப் போட்டு, "மச்சான், ஊரையே தப்பா அளக்கற வாய் இது. இன்னைக்கு ஒரு வாட்டி சரியா அளந்துச்சு" என்றீர்கள். அதற்கப்புறம் எத்தனை கல்யாணத்தில், எத்தனை பந்தியில் நான் உங்கள் கதையை என் கதையாக அளந்திருப்பேன். ஒரு தடவைகூட நீங்கள் நிறுத்தியதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, புலி வரும் இடத்தில் சரியாகத் தலையாட்டுவீர்கள்.

நீங்கள் போய் இந்தப் பங்குனியோடு ஒரு வருஷம். அந்த வாய் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. விடிந்தால் தப்பாகத்தான் அளக்கிறது, அதற்கு நான் வெட்கப்படவும் இல்லை. ஆனால் ஒருத்தன் தான் செய்யாததற்குத் தலை குனிந்து நிற்பதைப் பார்த்தால், என்னைக் கேட்காமலேயே அது திறந்துகொள்கிறது. போன மாதம் நூல் கடையில்கூட அப்படித்தான் ஆயிற்று. ஒரு அடி வாங்கினேன். ஒரே ஒரு அடிதான் பாவா. கூட்டிச் சொல்லவில்லை.

இப்படிக்கு,
உங்கள் மச்சான்