தலைவருக்குத் தலை போன சங்கதி

அன்பு மகள் பாப்பாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே அம்மாவும் நானும் நலம், என் முழங்கால் மட்டும் எங்களோடு ஒத்துப்போகவில்லை. நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இதை உட்கார்ந்து படி. யாருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, நான்தான் ஒரு தப்பு செய்துவிட்டேன்.

நீ வேலைக்கு வெளியூர் கிளம்பும்போது, மேஜையில் வைத்து ஆடும் உன் போர் விளையாட்டுப் பொம்மைப் பெட்டியைக் காட்டி, இத மட்டும் யாரும் திறக்காதீங்கப்பா என்றாய். அந்த யாரும் என்பதில் நான் சேர்த்தி இல்லை என்று நானாகவே முடிவு கட்டிக்கொண்டேன். பல் செட் செய்யும் என் லேபை மூடியதிலிருந்து எனக்குக் கை சும்மா இருக்கவில்லை. உள்ளே கட்டைவிரல் உயரத்தில் பன்னிரண்டு துப்பாக்கி வீரர்கள், அதில் பதினொரு பேர் வண்ணமே காணாமல் நின்றார்கள். முப்பத்தைந்து வருஷம் ஊரார் வாய்க்குள் பல்லை வரிசையாக நிறுத்தியவனுக்கு இந்தப் பொடியன்கள் எம்மாத்திரம் என்று பிரஷ்ஷை எடுத்தேன். பெட்டியில் இருந்த உன் புத்தகத்தைப் பார்த்து அந்தக் காலத்து நீலச் சட்டை, வெள்ளைக் குறுக்குப்பட்டை எல்லாம் போட்டேன், வண்ணத்தில் தண்ணீர் கலக்கச் சொன்னதைப் படித்தும் கலக்காததால் முதல் மூன்று பேர் கம்பளி போர்த்திய மாதிரி ஆகிவிட்டார்கள். பொம்மைகள் நிற்கும் அடித்தட்டில் பசை தடவி மணல் தூவும்போது தும்மிவிட்டேன், பாதி மணல் அம்மா சலித்துக்கொண்டிருந்த மாவில் விழுந்தது. அதற்கு அவள் சொன்னதை எழுத முடியாது.

இனிதான் விஷயம். பன்னிரண்டாவது ஆள் உன் படைத் தலைவர், நீ ஒன்பதாவது படிக்கும்போது வண்ணம் பூசியவர், ஒரு கண் பெரிசு ஒரு கண் சின்னது. தூசியாக இருக்கிறாரே என்று பல் செட்டுக்குக் கலக்கும் திரவத்தைப் பஞ்சில் தொட்டு முகத்தைத் துடைத்தேன். அது பிளாஸ்டிக்கைக் கரைக்கும் என்பது எனக்குத் தெரியாதா, ஊருக்கே சொல்லிக் கொடுத்தவன் நான். மூக்கு பஞ்சோடு வந்துவிட்டது, தொப்பி சாய்ந்து காதோடு ஒட்டிக்கொண்டது, தலையே கூழாகிவிட்டது. மூன்று நாள் மேஜை டிராயரில் ஒளித்து வைத்தேன். நாலாம் நாள் கத்தரிக்கோல் தேடிய அம்மா, என்னங்க இது, தலைவருக்குத் தலையே காணோம் என்றாள். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு, இது அவ முதன்முதல்ல பூசினதுங்க என்றாள்.

கரைந்ததை வெட்டிவிட்டு மெழுகில் புதுத் தலை செதுக்கி, பல் செட் பவுடரில் வார்த்து ஒட்டினேன். ஈறு நிறத்தில் வந்தது, பூசி மறைத்தேன். உங்கள மாதிரியே இருக்காரு, தொப்பைதான் பாக்கி என்றாள் அம்மா. கழுத்துக்குக் கீழே நீ பூசிய சிவப்புச் சட்டையை மட்டும் நான் தொடவே இல்லை.

போன சனிக்கிழமை எல்லோரையும் சைக்கிள் கடை மாடியில் நடக்கும் உன் பழைய விளையாட்டுக் குழுவுக்குக் கொண்டுபோனேன். குழுவை நடத்தும் எலக்ட்ரீஷியன் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்து, சார், குண்டு பாயுற இடத்துல எல்லாரும் ஏன் பல்ல காட்டிட்டு நிக்கிறாங்க என்று கேட்டார். தொழில் புத்தி பாப்பா, பன்னிரண்டு பேருக்கும் பளிச்சென்று பல் வைத்திருக்கிறேன், எனக்கே அப்போதுதான் தெரிந்தது. எதிரே ஆடியவர் ஒரு நர்ஸம்மா. இரண்டாவது சுற்றிலேயே தலைவரைச் சுட்டுவிட்டார். ஆட்ட விதிப்படி செத்தவரைப் படுக்க வைக்கப் போனேன், தலை கழன்று மேஜைக்கு அடியில் உருண்டுவிட்டது. எட்டுப் பெரிய மனிதர்கள் ஃபோன் வெளிச்சத்தில் தரையில் தவழ்ந்தோம். நர்ஸம்மாதான் கண்டெடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். என்னையறியாமல் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். மகளுக்குத் தெரியுமா என்று கேட்டார். தெரியாது என்றேன். அப்ப ஆட்டம் கெடக்கட்டும், மொதல்ல அவகிட்ட சொல்லுங்க என்றார்.

சொல்லிவிட்டேன். ஆனால் பரவாயில்லப்பா என்று மட்டும் சொல்லிவிடாதே. அங்கே போனதிலிருந்து எதற்கெடுத்தாலும் பரவாயில்லப்பா, சரிப்பா என்று விருந்தாளியிடம் பேசுவது போலப் பேசுகிறாய். ஈரத் துண்டைக் கட்டிலில் போட்டதற்கே என்னை ஒரு மணி நேரம் திட்டியவள் நீ. இதற்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று நீயே கணக்குப் போட்டுக்கொள். ஞாயிறு காலை வீட்டில்தான் இருப்பேன், ஃபோன் செய், குறுக்கே பேசாமல் கேட்டுக்கொள்கிறேன்.

நீ நீண்ட ஆயுளோடும் நிறைந்த மனசோடும் இருக்க அம்மாவும் நானும் வாழ்த்துகிறோம். அந்தக் கடைவாய்ப் பல்லைத் தள்ளிப்போடாமல் போய்க் காட்டு.

திட்டு வாங்கக் காத்திருக்கும்
அப்பா