வெற்றிலைத் தட்டம்

மாசி, வெள்ளிக்கிழமை.

குடியை விட நினைக்கிற நாங்கள் ஏழு பேரும் இன்றும் பள்ளிக்கூட மண்டபத்தில் வட்டமாக இருந்தோம். வெற்றிலைத் தட்டம் யார் கைக்கு வருகிறதோ, அவர் கடந்த ஏழு நாளும் குடித்தாரா இல்லையா என்று சொல்லவேண்டும். ஒருவரும் ஏசுவதில்லை. என் முறை வந்தது. கள்ளைத் தொடவில்லை என்றேன். மத்தியானம்தான் குடித்திருந்தேன். மணம் தெரியாதிருக்க அதே தட்டத்து வெற்றிலையை வாய் நிறையப் போட்டுக்கொண்டேன்.

அடுத்ததாகத் தட்டத்தை வாங்கிய கந்தையா அழுதுவிட்டான். "நேற்றுக் கள்ளுத் தவறணைக்குப் போயிட்டன்."

"நானும் போன கிழமை விழுந்தனான். நாளைக்குத் தவறணைக்குப் போற நேரம் எங்கடை வீட்டை வா, கதைச்சுக்கொண்டிருப்பம்" என்றார் ஆறுமுகம் அண்ணை. கந்தையாவின் முகம் தெளிந்தது. எனக்குப் பொறாமையாக இருந்தது.

திரும்பும் வழியில் கந்தையா என்னுடன் வந்தான். "வாத்தியார், நீங்கள் எப்பிடி விட்டனீங்கள்? எனக்கும் சொல்லித் தாங்கோ."

வீடு வரும்வரை சொல்லிக்கொடுத்தேன்.