மேனேஜர் அனுப்பிய வாழ்த்து

அன்புள்ள சிட்டுக்குட்டிக்கு,

அம்மா எழுதுவது. நான் நலம், முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முரண்டு பிடிக்கிறது. உனக்கு வாந்தி நின்றதா? வெறும் வயிற்றில் காபி குடிக்காதே.

நீ உண்டாகியிருக்கும் சேதியைக் குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டதும், உன் மாமியார் கொஞ்சமும் யோசிக்காமல் “ஓஎம்ஜி பெஸ்டி, ஐம் டெட்” என்று தட்டிவிட்டார். நல்ல சேதி கேட்டு யாராவது செத்தேன் என்பார்களா? நீயோ அதற்கு வரிசையாக இதயங்கள் போட்டாய். நான் அடித்து அடித்துத் திருத்தி, உங்கள் இருவருக்கும் மனமார்ந்த வாழ்த்துகள், உடல்நலம் பேணுமாறு கேட்டுக்கொள்கிறேன் என்று சுத்தமான இங்கிலீஷில் அனுப்பினேன். மேனேஜர் அனுப்பின மாதிரி இருக்கும்மா என்று எழுதினாய். மாப்பிள்ளை சிரிப்புப் பொம்மை போட்டார். சம்பந்தியம்மாளும் போட்டார்.

நான் என்ன செய்ய? கப்பல் கம்பெனியின் கடிதப் பிரிவில் ஆயுசைக் கழித்தவள். சரக்கு தாமதமானால் வருத்தம் தெரிவித்தே பழகியவள். என் இங்கிலீஷ் கழுத்துவரை பொத்தான் போட்டுக்கொண்டுதான் வெளியே வரும். உன் வேலை விண்ணப்பத்தை அதே இங்கிலீஷில்தான் எழுதிக்கொடுத்தேன், அப்போது இனித்தது. உன் மாமியாருக்கு நீ சொல்லிக்கொடுத்த நாலு வார்த்தைதான் தெரியும். அதை வைத்துக்கொண்டு அவர் உனக்குப் பெஸ்டி ஆகிவிட்டார்.

பொறாமைதான், சுற்றிவளைப்பானேன்? வயிறு எரிகிறது. பிரசவத்துக்கு அவரைத்தான் வரச்சொல்லியிருக்கிறாய் என்று மாப்பிள்ளை வாய்தவறிச் சொன்னதிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அம்மா வந்தா எதையாவது திருத்திக்கிட்டே இருப்பாங்க என்றாயாமே. திருத்தமாட்டேன். நேற்று கண்ணாடி முன் நின்று ஹே பெஸ்டி என்று சொல்லிப் பார்த்தேன். எனக்கே சகிக்கவில்லை. அதனால்தான் இதைத் தமிழில், தாளில் எழுதுகிறேன்.

அவரும் வரட்டும். குழந்தைக்கு எந்த இங்கிலீஷை வேண்டுமானாலும் பழக்கட்டும். ஆனால் வலி வந்தால் நீ அம்மா என்றுதானே கத்துவாய்? அப்போது நான் பக்கத்தில் இருக்க வேண்டும்.

நான் ஒரு பக்கம் எழுதி அனுப்பினால் நீ ஓகேயைக்கூடச் சுருக்கி ‘கே’ என்று ஒரே எழுத்தில் பதில் போடுவாய். அதற்காக உன்னிடம் எத்தனை சண்டை பிடித்திருக்கிறேன்! இந்தத் தடவையும் ஒரே எழுத்தில் போடு, ஒன்றும் சொல்லமாட்டேன். ‘வா’ போதும்.

நீயும் உன் வயிற்றில் இருப்பதும் நோய்நொடி இல்லாமல் இருங்கள்.

பெட்டி கட்டிவிட்டு உட்கார்ந்திருக்கும்
அம்மா